பிரேக் மிதித்தவள்

அசரியா அந்தப் பியட் காரை வாங்கியது எண்பத்தாறாம் வருஷம். அறுபத்தைந்தில் செய்த வண்டி, அவருக்கு முன்னால் மூன்று பேர் ஓட்டியது. கிழக்குத் தாம்பரத்தில் அவர்கள் தெருவுக்கே அது இரண்டாவது கார். குரோம்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அசரியா தலைமை டிராஃப்ட்ஸ்மேன். மயிரிழை அளவுகளைத் தாளில் வரைந்து கொடுப்பார், அதைப் பார்த்து மற்றவர்கள் இரும்பை வெட்டுவார்கள். கையில் கரியோடு வேலை செய்கிறவன் எவனும் தனக்குக் கீழேதான் என்பது அவருக்கு நெடுநாளாகப் பழகிப்போன எண்ணம்.

வண்டி வந்த மறு வாரமே பழைய புத்தகக் கடையில் அதற்கான ஒர்க்‌ஷாப் மேனுவலைத் தேடிப் பிடித்தார். நடுவில் சில பக்கங்கள் இல்லை. இல்லாத பக்கங்களைப் புத்தியால் நிரப்பிக்கொள்ளலாம் என்று மனைவி தபீதாளிடம் சொன்னார். இனி இந்த வண்டியில் எந்த மெக்கானிக்கும் கை வைக்க வேண்டியதில்லை, எல்லாம் வீட்டிலேயே.

சின்ன வேலைகள் அவருக்கு நன்றாகவே வந்தன. பிளக்கைக் கழற்றி உப்புத்தாள் போட்டார், பேன் பெல்ட்டை மாற்றினார். பெரிய வேலைகளில்தான் ஏதாவது ஒன்று தப்பிப்போகும். என்ஜின் ஆயில் வடிக்கும் நட்டை மரை கெடும்படி முறுக்கியதில் ஷெட் தரையில் எட்டு மாதம் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. டைனமோவைப் பிரித்து மாட்டியபோது இரண்டு வாஷர் மிச்சம் விழுந்தன. வண்டி செய்தவன் தேவையில்லாமல் போட்டிருக்கிறான் என்றார். ஸ்டியரிங்கைக் கழற்றி மாட்டிய பிறகு, வண்டியை இடது பக்கம் திருப்பும்போதெல்லாம் ஹாரன் தானாக அடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சபை கூடியிருக்கும்போது கோயில் வாசலில் திருப்பினார், ஹாரன் அலறியது. தபீதாள் சிரித்துவிட்டாள். அதற்கு நான்கு நாள் அவர் அவளிடம் பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டார், தட்டைத் தள்ளி வைத்தார், அவ்வளவுதான்.

அவர் எதற்கும் சத்தம் போடுகிறவர் அல்ல. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஸ்பேனர் நம்பரைச் சொல்வார். அவள் தப்பாக எடுத்துக் கொடுத்தால் திட்டமாட்டார். அதைத் தரையில் வைத்துவிட்டு மறுபடியும் கையை நீட்டுவார். சரியானது வருகிறவரை கை நீட்டியபடியே இருக்கும். பெருங்களத்தூரில், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு தொடக்கப்பள்ளியில் தபீதாள் டீச்சர். நாற்பது பிள்ளைகளை அடக்கத் தெரிந்தவளுக்கு அந்த நீட்டிய கையைப் பார்த்தால் எண்கள் மறந்துபோகும். ஒரே மகள் பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

எண்பத்தெட்டு மார்ச்சில் பின்சக்கரம் ஒன்றில் பிரேக் ஆயில் ஒழுகி, இரும்புலியூர் பக்கம் வண்டி வழியிலேயே மாட்டிக்கொண்டது. வேறு வழியில்லாமல் ரோட்டோரத்தில் குப்புராஜ் என்பவனின் ஷெட்டில் விட்டார். நாற்பது வயது மெக்கானிக், ஒல்லியான ஆள். அந்தச் சக்கரத்தின் ரப்பரை மாற்றி ஒரு மணி நேரத்தில் சரி செய்துவிட்டான். வண்டியை எடுக்கும்போது, ஆயில் குறைந்தால் பிரேக் ஆயில் மட்டும்தான் ஊற்ற வேண்டும், வேறு எதையாவது ஊற்றினால் ரப்பரைத் தின்றுவிடும் என்று சொன்னான். எல்லாருக்கும் சொல்வதைத்தான் சொன்னான். அசரியா சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டி, ஹைட்ராலிக் என்ற வார்த்தையை இங்கிலீஷில் எழுதிக் காட்டு என்றார். பக்கத்தில் இரண்டு லாரி டிரைவர்கள் நின்றிருந்தார்கள். குப்புராஜ் சிரித்தபடி கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். பென்சிலை வாங்கவில்லை. எழுதத் தெரியாதவன் எனக்குச் சொல்லித் தரக் கூடாது என்று சொல்லிவிட்டு அசரியா வண்டியில் ஏறினார். முன்சீட்டில் உட்கார்ந்திருந்த தபீதாள் டாஷ்போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் கழித்து, பிரேக் ஆயில் டப்பாவில் அளவு கொஞ்சம் இறங்கியிருந்தது. அவருடைய தொழிற்சாலையில் பெரிய ஹைட்ராலிக் பிரஸ்கள் உண்டு. அவற்றுக்கு ஊற்றும் ஆயிலை ஒரு கேனில் கொண்டுவந்தார். நூறு டன் பிரஸ்ஸைத் தாங்குகிற ஆயில் இந்தத் தகர வண்டியை நிறுத்தாதா என்று தபீதாளிடம் கேட்டார். பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை. அவளுக்கு மெக்கானிக் சொன்னது ஞாபகம் இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

மூன்று வாரத்தில் வண்டி இழுக்க ஆரம்பித்தது. நியூட்ரலில் தள்ளினால் நகராது. ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினால் சக்கரத்தின் நடுவில் கை வைக்க முடியாத சூடு. அந்த ஆயிலில் உள்ளே ரப்பரெல்லாம் ஊதிப்போய் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அசரியாவுக்கு அது தெரியவில்லை. நான்கு சக்கரத்திலும் பிரேக் அட்ஜஸ்ட்மெண்டைத் தளர்த்தினார். சக்கரம் லேசாகச் சுற்றியது, அவருக்கு ஒரே திருப்தி. ஆனால் தளர்த்தியதில் ஹாண்ட்பிரேக்கும் பிடிக்காமல் போனது, பெடலும் கீழே போக ஆரம்பித்தது. குழாயில் காற்று புகுந்திருக்கிறது, காற்றை எடுத்தால் சரியாகிவிடும் என்று முடிவு செய்தார்.

மே மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டுக்குள் காற்றே இல்லை. தபீதாள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை நாலைந்து தடவை மிதித்து அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் சக்கரத்துக்கு அருகில் படுத்து நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறப்பார். காற்றும் ஆயிலும் ஒரு டியூப் வழியாகப் பாட்டிலுக்குள் போகும், பெடல் கீழே இறங்கும். அவர் நிப்பிளை மூடிய பிறகு அவள் காலை எடுக்க வேண்டும். முன்னாலேயே எடுத்துவிட்டால் காற்று மறுபடி உள்ளே போய்விடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இரண்டு மணிக்கு ஆரம்பித்தார்கள். பெடலில் ரப்பர் தேய்ந்து வெறும் இரும்பாக இருந்தது. செருப்பு வழுக்குகிறது என்று கழற்றிப் போடச் சொன்னார். "மிதி", "பிடி", "விடு" என்ற மூன்று வார்த்தைகளைத் தவிர வேறெதுவும் அவர் சொல்லவில்லை. நாலு மணிக்கு ஒரு தடவை அவள் முன்னாலேயே காலை எடுத்துவிட்டாள். அவர் எழுந்து வந்து ஜன்னல் வழியாக அவளுடைய காலைப் பார்த்தார். "உன் வீட்டில் இந்தக் காலை எதுக்கு வளர்த்தாங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். முதல் சக்கரத்திலிருந்து மறுபடியும் ஆரம்பம்.

ஐந்து மணிக்கு மேல் கடைசிச் சக்கரம் முடிந்தது. எல்லா நிப்பிளையும் மூடிவிட்டேன், இப்போது மிதித்துப் பிடி, பெடல் நிற்கிறதா சொல்லு என்றார். அவள் மிதித்தாள். முதலில் கெட்டியாக இருந்தது. பிறகு, சேற்றில் கால் வைத்தது போல, மெல்ல மெல்லக் கீழே போனது. நிற்கவில்லை. அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. இல்லை என்று சொன்னால் முதல் சக்கரத்திலிருந்து மறுபடியும் தொடங்குவார் என்பதும் தெரிந்தது.

"நிக்குதா?"

"நிக்குது" என்றாள்.

மறுநாள் கோயில் முடிந்து அசரியா தனியாகத்தான் கிளம்பினார். பெருங்களத்தூரில் அவருடைய தங்கை ரத்தினபாய் வீடு. தபீதாளுக்குக் கால் வீங்கியிருந்ததால் போகவில்லை. பதினொன்றரைக்கு ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட்டில் நிற்கிற வண்டிகளுக்குக் கொய்யாப்பழம் விற்கும் கன்னியம்மா, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட் கம்பத்தை ஒட்டி நின்றிருந்தாள். அசரியா பிரேக்கை மிதித்தார், பெடல் தரையைத் தொட்டது. ஹாண்ட்பிரேக்கை இழுத்தார், பிடிக்கவில்லை. முன்னால் நின்ற பஸ்ஸில் மோதாமல் இருக்க இடது பக்கம் ஒடித்தார். பம்பருக்கும் கம்பத்துக்கும் நடுவில் கன்னியம்மாவின் இடது கால் மாட்டிக்கொண்டது.

அங்கே நின்றவர்கள் பிறகு ஒன்று சொன்னார்கள். காரிலிருந்து இறங்கிய மனுஷர் முதலில் குனிந்து வண்டிக்கு அடியில்தான் பார்த்தாராம். ஆயில் ஒழுகுகிறதா என்று. அவள் கத்திக்கொண்டிருக்கும்போதே.

மத்தியானம் மூன்று மணிக்குப் போலீஸ் ஜீப் அவரை வீட்டில் கொண்டுவந்து விட்டது. சட்டை கசங்காமல் இருந்தது. பெடல் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரில் ரப்பர் போயிருக்கிறது என்றார் தபீதாளிடம். யாருக்கு என்ன ஆயிற்று என்று அவள் கேட்ட பிறகுதான், ஒரு பொம்பளைக்குக் காலில் அடி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள் என்று சொன்னார்.

கூடவே வந்த எஸ்.ஐ. ஹாலில் பேனுக்கு அடியில் உட்கார்ந்தார். கடைசியாக பிரேக் வேலை செய்தது யார் என்று கேட்டார். அசரியா அளவு வாசிக்கிற குரலில் குப்புராஜின் பெயரையும் ஷெட் இருக்கும் இடத்தையும் சொன்னார். ரப்பர் மாற்றினான், தேதிகூட ஞாபகம் இருக்கிறது. எஸ்.ஐ. எழுதிக்கொண்டே தபீதாள் பக்கம் திரும்பினார்.

"சார் வீட்லயே வண்டி வேலை பார்ப்பாருன்னு தெருவுல சொன்னாங்க. மெக்கானிக்குக்கு அப்புறம் வேற யாராவது பிரேக்ல கை வச்சாங்களாம்மா?"

அசரியா அவளைப் பார்க்கவில்லை. காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடைய வலது பாதத்தில் பெடலின் தடம் சிவப்பாக, சதுரமாகப் பதிந்திருந்தது. புடவைக் கொசுவத்துக்குள் காலை இழுத்துக்கொண்டாள்.

"இல்லை சார். வீட்டில் பிளக் துடைப்பார், அவ்வளவுதான்."

திங்கட்கிழமை காலை, மிச்சம் இருந்த ஆயில் கேனை அசரியா சாப்பாட்டுப் பைக்குள் வைத்துத் தொழிற்சாலைக்கே திருப்பிக் கொண்டுபோய் விட்டார். அன்றைக்கே குப்புராஜை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள். புதன்கிழமை விட்டார்கள். அதற்குள் அவனுடைய வலது கையில் நடுவிரலும் மோதிரவிரலும் ஒடிந்திருந்தன. காரைச் சோதித்த பிரேக் இன்ஸ்பெக்டர், சக்கரத்து ரப்பர்கள் ஊதிக் கெட்டிருக்கின்றன, மட்டமான சரக்கு என்று எழுதிக் கொடுத்தார். அவர் பார்த்தது உண்மைதான். ஏன் ஊதின என்று யாரும் கேட்கவில்லை. கன்னியம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

ஜூன் கடைசியில் ஒரு நாள் காலையில் குப்புராஜ் வீட்டு வாசலில் வந்து நின்றான். தபீதாள்தான் கதவைத் திறந்தாள். கையில் கட்டு. சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்தாள்.

"ஐயா கீறாரா?" என்று கேட்டான்.

அசரியா பேப்பரோடு வந்தார். குப்புராஜ் செருப்பைக் கேட்டுக்கு வெளியிலேயே விட்டிருந்தான். டூப்ளிகேட் ரப்பர் சார் என்று ஆரம்பித்தான். அன்றைக்குக் கடையில் ஒரிஜினல் இல்லையாம். இரண்டும் ஒன்றுதான் என்று வாங்கிப் போட்டுவிட்டானாம். இருபது வருஷத்தில் இப்படி ஆனதே இல்லை, அந்தப் பொம்பளையின் காலை நினைத்தால் சோறு இறங்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றான். போலீஸ் அடித்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அசரியா முழுவதையும் கேட்டார். இடையில் குறுக்கிடவில்லை.

"தப்பை ஒத்துக்கிட்டியே, அது போதும். இனிமே தெரியாத வேலையில் கை வைக்காதே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

குப்புராஜ் போகாமல் நின்றான். தபீதாளிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு. நான் ரப்பர் போட்டப்புறம் ஐயா எதனா ஆயில் ஊத்தினாரா? சும்மா தெரிஞ்சிக்கத்தான். ராவெல்லாம் அதே யோசனையா கீது."

கேட்கிற முகத்தில் சந்தேகம்கூட இல்லை. ஊற்றினார் என்று சொல்லமாட்டாளா என்ற ஆசைதான் இருந்தது. உள்ளே பேப்பர் புரளும் சத்தம் நின்றிருந்தது.

"இல்லைப்பா" என்றாள்.

"அப்ப நான்தாம்மா" என்றான் அவன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் வெறுங்காலோடு நடந்து போனான்.

கார் திரும்பி வந்ததும் அசரியா எல்லா ரப்பரையும் மாற்றினார். இந்தத் தடவை கடைக்குப் போய் பிரேக் ஆயிலே வாங்கி வந்தார். எது தப்பாய்ப் போயிற்று என்று அவருக்குப் புரிந்துவிட்டது, தெரிந்துகொண்டதில் ஒரு திருப்திகூட இருந்தது. தபீதாளை அழைத்துப் பெடலை மிதிக்கச் சொன்னார். நிற்கிறதா என்று கேட்டார். நிற்கிறது என்றாள். அப்போது நிஜமாகவே நின்றது.

மடங்காத இரண்டு விரலை வைத்துக்கொண்டு குப்புராஜால் ஸ்பேனர் பிடிக்க முடியவில்லை. ஷெட்டைக் காலி செய்துவிட்டு, கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தான். அவன் மனைவி செல்லம்மா இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனாள். கன்னியம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது குப்புராஜ்தான் போய் அவள் காலடியில் விழுந்தான். அவள் கையிலிருந்த ஊன்றுகட்டையால் அவன் முதுகில் அடித்தாள். மறுநாளும் போனான், அடுத்த நாளும் போனான். நாலாம் நாள் அவள் அடிக்கவில்லை. அதற்குப் பிறகு தினமும் காலை எட்டு மணிக்கு அவளைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து, கொய்யாக் கூடையை முன்னால் மாட்டி, கேட்டுக்குக் கொண்டுவந்து இறக்குவான். கடை மூடும்போது திரும்பக் கொண்டு போவான். ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

தபீதாள் இதை எல்லா நாளும் பார்த்தாள். அவளுடைய பஸ் கேட்டில் நிற்கிற நேரமும் எட்டு மணிதான். இரண்டு வருஷம், லீவு நாளைத் தவிர, பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தாள். உட்கார இடம் கிடைத்தால் வலது பக்கமாகப் பார்த்து உட்காருவாள், கன்னியம்மாவின் கம்பம் இடது பக்கம் வரும். அப்படியும் கண் அங்கேதான் போகும்.

தொண்ணூறாம் வருஷம், நவம்பரில் ஒரு மழை நாள். ரோட்டில் தண்ணீர் நின்றதால் பஸ் கேட்டுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கி நடந்தார்கள். குப்புராஜின் சைக்கிள் சேற்றில் வழுக்கிச் சாய்ந்தது. கன்னியம்மா விழவில்லை, கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். கூடை கவிழ்ந்து கொய்யாக்கள் தண்ணீரில் உருண்டன. அவள் அவனைத் திட்ட ஆரம்பித்தாள். ஒரு காலை எடுத்தது பத்தாதா, இன்னொன்றையும் எடுக்கத்தான் தினமும் வருகிறாயா என்று, நின்றவர்கள் எல்லாரும் கேட்கும்படி. அவன் கணுக்கால் அளவு தண்ணீரில் உட்கார்ந்து, மடங்காத விரல்களால் ஒவ்வொரு பழமாகப் பிடித்துக் கூடையில் போட்டான். பழம் வழுக்கி வழுக்கிப் போயிற்று.

தபீதாள் குனிந்து இரண்டு பழத்தை எடுத்து நீட்டினாள்.

"டீச்சரம்மாவா?" என்று அவன் சிரித்தான். "ஐயா நல்லா கீறாரா?"

அன்றைக்கு முழுவதும் அவளால் பாடம் நடத்த முடியவில்லை. நாலு மணிக்குப் பள்ளி விட்டதும் நேராகச் சைக்கிள் கடைக்குப் போனாள். கடையில் வேறு யாரும் இல்லை. குப்புராஜ் டியூபைத் தண்ணீரில் அழுத்திக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நின்றபடியே சொன்னாள். தொழிற்சாலை ஆயிலைச் சொன்னாள், சக்கரம் சூடானதைச் சொன்னாள், அட்ஜஸ்ட்மெண்டைத் தளர்த்தியதைச் சொன்னாள், போலீஸிடம் சொன்ன பொய்யைச் சொன்னாள். தன் காலுக்கு அடியில் பெடல் இறங்கியதை மட்டும் சொல்லவில்லை. அது வாயில் வரவில்லை.

குப்புராஜ் டியூபைத் தண்ணீரிலிருந்து எடுக்கவே இல்லை.

"நான் ரப்பர் போட்டு எத்தினி நாள் கழிச்சி ஊத்தினாரு?"

"பத்து நாள் இருக்கும்."

"பத்து நாள் வரைக்கும் பிரேக் நல்லாத்தானே இருந்துச்சி?"

"நல்லா இருந்தது."

"அப்ப அது நல்ல ரப்பருதான்" என்றான். தனக்குத்தானே சொல்லிக்கொண்டது போல இருந்தது. தலையை நிமிர்த்தினான். "இத ஒரு பேப்பர்ல எழுதிக் குடுப்பீங்களா டீச்சர்?"

அவள் எதிர்பார்க்கவில்லை. அவருடைய வேலை போய்விடும், மகளுக்கு இப்போதுதான் வரன் பார்க்கத் தொடங்கியிருக்கிறது என்று ஏதோ சொன்னாள். முடிக்கவில்லை.

"அப்ப எதுக்கு எனக்குச் சொன்னீங்க?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. புரியாமல்தான் கேட்டான். பிறகு டியூபைத் துடைக்க ஆரம்பித்தான்.

வீட்டுக்குப் போகும்போது தபீதாளுக்கு மனது லேசாக இருந்தது. அதை அவள் பிறகு நினைத்து வெட்கப்பட்டாள். ஆனால் அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. இரவு நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் எட்டு மணிக்குக் கேட்டில் கன்னியம்மா இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மழை காரணமாக இருக்கும் என்று நினைத்தாள். மழை விட்டது. ஒரு வாரம் ஆயிற்று. சைக்கிள் கடையில் விசாரித்தாள். குப்புராஜ் கணக்கு முடித்துக்கொண்டு போய்விட்டான், செல்லம்மாவின் அண்ணன் அனகாபுத்தூரில் இருக்கிறான், அங்கே போயிருப்பார்கள் என்றார்கள். போவதற்கு முன்னால் கன்னியம்மா வீட்டுக்குப் போய், நான் பண்ணவில்லை, இனி வரமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனானாம்.

தபீதாள் கன்னியம்மாவின் வீட்டைத் தேடிப் போனாள். பீர்க்கங்கரணைப் பக்கம் ஒரு சந்து, ஓலைக்கூரை, ஒரே அறை. கன்னியம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கூடை, அதில் கொய்யா பழுத்துக் கருக்க ஆரம்பித்திருந்தது. அந்தச் சந்தில் வாங்குகிறவர்கள் யாரும் இல்லை. தபீதாள் தான் யார் என்று சொன்னாள். இங்கே எதையும் மறைக்கக் கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துகொண்டு வந்திருந்தாள். பெடல் இறங்கியது, நிற்கிறது என்று சொன்னது, எல்லாவற்றையும் சொன்னாள். தான் அழுவோம் என்று நினைத்திருந்தாள், அழுகை வரவில்லை.

கன்னியம்மா அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அடிக்கப் போகிறாள் என்று தபீதாள் நினைத்தாள். அடித்திருக்கலாம் என்று பிறகு தோன்றியது.

"என்னாண்ட சொல்றே, சரி. அவனாண்ட இன்னாத்துக்குச் சொன்னே?"

கன்னியம்மா கூடையைத் தள்ளி வைத்தாள்.

"என் காலு போனது போனதுதான். எவன் எடுத்தா எனக்கின்னா? ரெண்டு வருசமா அவன் காலுல நடந்துகினு இருந்தேன். திட்டினாலும் வருவான், அடிச்சாலும் வருவான். அதையும் வந்து ஒட்சிட்டே." மூச்சு வாங்கினாள். "உனக்கு நெஞ்சு கனத்துச்சுன்னா கோயில்ல போய்ச் சொல்லியிருக்கணும்."

குப்புராஜைத் தேடிப் பார்க்கிறேன் என்றாள் தபீதாள். அவன் வரமாட்டான், அவன் எதற்கு வர வேண்டும் என்றாள் கன்னியம்மா. பிறகு சொன்னாள்:

"நீதானே அந்தப் பக்கம் டெய்லி போறே. நாளைக்குக் காலைல வா. ஒரு பக்கம் தோளு குடுத்தா ரோடு வரைக்கும் வந்துடுவேன். அங்கேந்து ரிக்‌ஷாக்காரன் எவனாச்சும் தூக்கிகினு போவான். கால் மணி நேர வேலைதான்."

வருகிறேன் என்று தபீதாள் சொன்னாள். சொல்லும்போது வரத்தான் நினைத்தாள். வழியெல்லாம் யோசித்தாள். தினமும் காலையில் ஒரு கால் இல்லாத பெண்ணைத் தோளில் தாங்கிக்கொண்டு டீச்சர் நடந்தால் பார்க்கிறவர்கள் கேட்பார்கள். பள்ளியில் கேட்பார்கள். ரத்தினபாய் அந்த ரோட்டில்தான் இருக்கிறாள். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது. வீட்டுக்கு வந்தபோது அசரியா கார்புரேட்டரைப் பிரித்து ஹாலில் பேப்பர் விரித்து அடுக்கி வைத்திருந்தார். தாண்டிப் போ, எதையும் மிதித்துவிடாதே என்றார்.

மறுநாள் அவள் ஒரு பஸ் முன்னாலேயே போய்விட்டாள். ஏழே காலுக்குக் கேட்டைத் தாண்டினாள். அதற்கடுத்த நாளும் அதே பஸ். ஒரு வாரம் அப்படிப் போனபின், பொழிச்சலூரில் ஒரு பள்ளியில் இடம் காலி இருப்பதாகக் கேள்விப்பட்டு மாற்றலுக்கு எழுதிப் போட்டாள். ஜனவரியில் கிடைத்தது. அந்த வழியில் பெருங்களத்தூர் கேட் வராது. காலையில் அசரியாவே குரோம்பேட்டையைத் தாண்டிப் பல்லாவரம் வரைக்கும் காரில் கொண்டு போய் விடலானார், அவருக்கு அது கொஞ்சம் சுற்று என்றாலும். மாற்றல் ஏன் என்று அவர் கேட்கவில்லை.

ஈஸ்டர் அன்றைக்கு ரத்தினபாய் குடும்பத்தோடு சாப்பிட வந்தாள். பேச்சுவாக்கில், கேட்டில் உட்காருமே அந்தக் கொய்யாக்காரி, அது செத்துப்போயிற்று என்று சொன்னாள். நான்கைந்து மாதமாக வெளியே வராமல் வீட்டிலேயே கிடந்ததாம், யாரும் போய்ப் பார்க்கவில்லையாம். பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் எடுத்துப் போட்டார்களாம். பழத்துக்கு இப்போதெல்லாம் தாம்பரம் மார்க்கெட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கிறதாம்.

"எந்தக் கொய்யாக்காரி?" என்றார் அசரியா.

ரத்தினபாய் தன் அண்ணனைப் பார்த்தாள். பிறகு அண்ணியைப் பார்த்தாள். தபீதாள் கறிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவருடைய தட்டில்தான் குறைவாக இருந்தது, அவருக்குப் பரிமாறினாள். போதும் என்று அவர் கையைக் காட்டியும் கரண்டியை நிறுத்தவில்லை. குழம்பு சோற்றைத் தாண்டி, தட்டின் விளிம்பைத் தாண்டி மேஜை விரிப்பில் ஓடியது. அசரியா சத்தம் போடவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, வேறு தட்டுக்காகக் கையை நீட்டினார். அவள் போய் எடுத்து வந்தாள்.